ஹன்னா கரையின் நாலாவது கொடி

டெல்சினா பிண்டருக்கு ஊர்க்கதை தெரியும் என்று சொன்னால் அது ரொம்பக் குறைத்துச் சொல்வது. சில்வர்டாப் தீவின் டெலிபோன் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் இணைப்புக் கொடுத்தவள் அவள். தலைநகர் நாசோவில் இருக்கும் மகனோடு பேச வேண்டுமா, மியாமி ஆஸ்பத்திரியில் கிடக்கும் அண்ணனை விசாரிக்க வேண்டுமா, அவள் கை கம்பியைச் செருகினால்தான் உண்டு. செருகியதும் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவள் எத்தனை முறை மதித்தாள் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் தங்கள் கதையும் சேர்ந்து வெளியே வரும் என்ற பயம்தான்.

பிறகு இயந்திரம் வந்தது, அதன் பின்னால் செல்போன் வந்தது, டெல்சினாவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காதுக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதிலும், கடையில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினால் அவள் கையிலிருக்கும் தக்காளி அப்படியே நின்றுவிடும்.

இப்பேர்ப்பட்டவளுக்கு விளங்காத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் அவள் வீட்டுக்குள்ளேயே. தன் புருஷன் ஆர்மண்ட் ஏன் முழுக்கு ஞானஸ்நானம் வாங்க மாட்டேன் என்கிறான்?

ஆர்மண்ட் சங்கு எடுப்பவன். பன்னிரண்டு வயதிலிருந்து கடலுக்கடியில் மூச்சை அடக்கியே வாழ்ந்தவன். தண்ணீருக்குப் பயப்படுகிறான் என்று சொல்ல வழியில்லை. கேட்டால் கிண்டல்தான் பதிலாக வரும்.

"நான் தினம்தான் முங்குறேன். பாஸ்டர் வேணும்னா படகுல வந்து உக்காந்துக்கட்டும். நான் சங்குக்கு முங்குற நேரம் பாத்து ஜெபத்தைச் சொல்லிட்டா அவருக்கும் வேலை மிச்சம், எனக்கும் வேலை மிச்சம்."

விடாமல் நச்சரித்தபோது ஒரு நிபந்தனை போட்டான். "எங்கம்மா முங்கின எடத்துல, ஹன்னா கரையில, அங்கன்னா முங்குவேன். வேற எங்கயும் முடியாது." இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வருஷமும் படகுப் பந்தயம், பல்வலி, நண்டு ஓடும் சீசன் என்று ஏதாவது ஒன்றைக் காட்டித் தப்பித்து வந்தான். கல்யாணமான புதிதில் டெல்சினா அவனுக்காகத் தைத்த வெள்ளை அங்கியை, அவன் வயிறு வளர வளர இரண்டு தடவை பக்கவாட்டில் பிரித்துத் தைத்தாயிற்று.

அப்புறம் கப்பல் கம்பெனி வந்தது. தீவின் மேற்கு மூலையைக் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, வாசல் வைத்து, ஹன்னா கரைக்குப் புதுப்பெயரும் சூட்டியது. அந்தப் பெயரை ஊரில் யாரும் வாயில் வைப்பதில்லை, நானும் வைக்கப்போவதில்லை. அந்தத் தீவில் மணல் உள்ள கரை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் செருப்பைக் கிழிக்கும் பாறையும் அலையாத்திச் சேறும். "கப்பல் வராத நாளில் ஊர்க்காரர்கள் தாராளமாக வரலாம், வாசலில் பெயர் எழுதினால் போதும்" என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. முதலில் வாரத்துக்கு மூன்று கப்பல் வந்தது. பிறகு ஐந்து. இப்போது இரண்டு வருஷமாக ஏழு. கொடுத்த வாக்கைக் கம்பெனி ஒருநாளும் மீறவில்லை. கப்பல் வராத நாள்தான் இல்லாமல் போயிற்று.

சபையார் வேறு வழியில்லாமல் சரக்குப் படகு நிற்கும் அரசாங்கப் படகுத்துறையில் ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே தண்ணீர்மேல் டீசல் மிதக்கும். வெள்ளை அங்கியோடு இறங்கியவர்கள் ஏழு நிறத்தில் மினுங்கிக்கொண்டு ஏறினார்கள். ஆர்மண்டுக்கு இதில் பரம சந்தோஷம், அவன் நிபந்தனைக்குக் கம்பெனியே பூட்டுப் போட்டுவிட்டதே! அந்தச் சமயத்தில் அவன் காதுச் சவ்வு கிழிந்தது. இனி ஆழம் போனால் செவிடாவாய் என்று நர்ஸ் சொன்னதும், நேரே போய்க் கம்பெனி வாசலில் காவல்காரனாகச் சேர்ந்துவிட்டான். ஞானஸ்நானத்திலிருந்து தப்பிக்கத் தானே காவல் நின்று, அதற்குச் சம்பளமும் வாங்கியவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வேலைக்குப் போன முதல் வாரம் டெல்சினா மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஆர்மண்ட் நோட்டைத் திறந்தான்.

"பேரு?"

"என்னது?"

"பேரைச் சொல்லு. எழுதணும்."

"முப்பத்தொரு வருஷமா ஒரே கட்டில்ல கெடக்குறோம். என் பேரு தெரியாதா ஒனக்கு?"

"ரூலு, டெல். யாரு வந்தாலும் கேக்கணும். வந்த காரியம்?"

"எழுதிக்க. டெல்சினா பிண்டர். வந்த காரியம், ஒரு மடையனுக்கு மீனும் சோளக்கூழும்."

அவன் 'மதிய உணவு' என்று மட்டும் எழுதினான். உள்ளே விடவில்லை. அவன் வேலிக்கு உட்புறம் உட்கார்ந்து சாப்பிட, அவள் வெளிப்புறம் நின்று பாத்திரத்துக்குக் காத்திருந்தாள். மரங்களுக்கு மேலே கப்பலின் தலை மட்டும் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாமல் அவளுக்குக் கழுத்தே வலித்தது.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். ஜனவரி மாதத்தில் ஒரு மத்தியானம் சிஸ்டர் இஸ்மே கார்ட்ரைட் வந்தாள். சபையின் அடக்கச் சங்கத்துக்குச் செயலாளர் அவள். யார் எங்கே படுக்க வேண்டும் என்பது அவள் நோட்டில்தான் இருக்கிறது.

"ஒங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துல ரெண்டு எடம் இருக்குல்ல. ஒண்ணு ஒனக்கு, சரி. இன்னொண்ணு சும்மா கெடக்கு. டீக்கனோட தங்கச்சி கேக்குறா."

"அது ஆர்மண்டுக்கு."

"ஆர்மண்ட் முங்கினவனா? சபைத் தோட்டத்துல முங்காதவங்களுக்கு எடமில்லன்னு ஒனக்குத் தெரியாதா? அவன் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் போகணும். ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவு சொல்லிரு, டெல்சினா. காலி எடத்துக்கு ஆள் காத்துக் கெடக்குது."

ஓடைக்கு அந்தப் பக்கம் பொது இடுகாடு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். இஸ்மே போனபின் டெல்சினா பாத்திரம் கழுவப் போனவள், கழுவாமலே நின்றாள். செத்த பிறகு எங்கே கிடந்தால் என்ன என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு மனசில் ஒட்டவில்லை. முப்பத்தொரு வருஷமாக அவன் முதுகில் ஒரு கையை வைத்துத்தான் தூங்கியிருக்கிறாள். அவன் குறட்டை நின்றால் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். அந்த மனுஷன் தனியாக, சேற்றுத் தண்ணீரில், சபைத் தோட்டத்திலிருந்து ஒரு மைல் தள்ளிக் கிடப்பான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்மண்ட் மரத்தடியில் மூன்று கூட்டாளிகளோடு டோமினோ ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கே போனாள்.

"ஹன்னா கரை கெடச்சா முங்குவியா?"

ஆர்மண்ட் சிரித்தான். "கெடச்சா அன்னிக்கே."

"சத்தியம் பண்ணு."

கட்டையைப் பலகையில் ஓங்கி அடித்துச் சத்தியம் பண்ணினான். மூன்று பேரும் சாட்சி. ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தையும் அவனே ஜெயித்தான்.

டெல்சினா முதலில் பாஸ்டர் தியோடர் மாக்ஸியைப் பிடித்தாள். அவர் கம்பெனி மேனேஜருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். பதிலும் மரியாதையாகவே வந்தது. கடலும், தினம் கடல் ஏறும் ஏற்ற வேளையில் தண்ணீர் தொடும் கோடு வரையுள்ள மணலும் எல்லாருக்கும் பொது என்பதே இந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கம்பெனி தலைவணங்கி ஏற்கிறது. அந்தக் கோடு எது என்று யாருக்கும் குழப்பம் வராதபடி நீலக் கொடிகள் நட்டிருக்கிறது. பாஸ்டர் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்பது நீலக் கொடிகள் வரிசையாக இருந்தன. ஒன்பதும் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் நின்றன.

"அப்போ முழங்கால் நனைஞ்ச பெறகுதான் நமக்குச் சொந்தம்," என்றார் பாஸ்டர். ஊர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிற்று.

டெல்சினா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொரு அரிப்பு. "கோடு அங்கதான் இருக்குன்னு கம்பெனிக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றார்கள். "அப்போ நெசமா எங்க இருக்கு?" அதுவும் யாருக்கும் தெரியவில்லை. நூறு வருஷமாக அந்தக் கரையில் குளித்தும் முங்கியும் வந்த ஜனங்களுக்கு, தண்ணீர் எதுவரை வரும் என்று காலுக்குத் தெரியும். காகிதத்தில் எழுதத்தான் தெரியாது.

நாசோவில் இருக்கும் சர்வே ஆபீசுக்குப் போன் போட்டாள். ஒருவர் இன்னொருவரிடம் தள்ளினார், அவர் மூன்றாமவரிடம் தள்ளினார், நாலாமவர் சாப்பிடப் போயிருந்தார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாளில் ஓய்ந்திருப்பார்கள். இவளோ இருபத்திரண்டு வருஷம் ஊரையே காத்திருக்க வைத்தவள். காத்திருப்பது எப்படி என்று இவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பதினோராம் நாள் ஃபிலிசிட்டி ஆல்பரி என்று ஒரு சர்வேயர் பெண் கிடைத்தாள்.

"கோடு எங்கன்னு கடல்தான் மேடம் சொல்லணும். சாதாரண ஏத்தத்துல தண்ணி எதுவரைக்கும் தொடுதுன்னு தினம் பாத்து, ஒரு ரெண்டு மாசம் குறிச்சு அனுப்புங்க. அதை வச்சு நான் நேர்ல வந்து அளக்குறேன்."

"தினமும் பாக்கணுமா?"

"தினமும்."

தினமும் பார்க்க வேண்டும் என்றால் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் யார்? அப்போதுதான் கம்பெனி ஆர்மண்டை வாசலிலிருந்து மாற்றிக் கரையிலேயே நிறுத்தியிருந்தது. பாஸ்டர் படகில் வந்து எட்டிப் பார்த்ததில் மேனேஜருக்குக் கலக்கம். கொடியைத் தாண்டி எந்தப் படகும் வரக் கூடாது, வந்தால் உன் வேலை அட்டை போகும் என்று சொல்லியே நிறுத்தியிருந்தார்.

அன்று மாலை ஆர்மண்ட் வீட்டுக்கு வந்து பூட்சைக் கழற்றியதும் டெல்சினா கையில் வாங்கினாள்.

"ஐயோ, இப்படி நனைஞ்சிருக்கே! எங்க நின்ன?"

ஆர்மண்டுக்கு ஆச்சரியம். முப்பத்தொரு வருஷத்தில் அவன் காலைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

"ரெண்டாவது வரிசை நாற்காலிக்கிட்டதான் நின்னேன். அங்கயே தண்ணி வந்து பூட்சுக்குள்ள பூந்துருச்சு."

"முதல் வரிசையில இருந்தவங்க?"

"பையைத் தூக்கிட்டுக் கத்திக்கிட்டே ஓடினாங்க. தினம் இதே கூத்துதான். ஏத்தம்னா என்னன்னே தெரியல அதுங்களுக்கு."

"எத்தன மணிக்கு?"

"பத்தே கால் இருக்கும். எதுக்கு?"

"காலு ஊறிப் போயிருக்கே, அதுக்குத்தான்."

புருஷன் பூட்சில் பெண்டாட்டி இவ்வளவு அக்கறை காட்டினால் புத்தியுள்ள எந்த ஆணும் உஷாராக வேண்டும். இவன் குளிர்ந்து போனான். தினமும் வந்ததும் வராததுமாகத் தண்ணீர் புராணம் பாட ஆரம்பித்தான். இன்றைக்கு இரண்டாவது வரிசை. இன்றைக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். பௌர்ணமிக்கு மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாளின் செருப்பை அலை கொண்டுபோனது. அவன் குளிக்கப் போனதும் டெல்சினா சுவர்க் காலண்டரைத் திருப்பி, அந்தந்தத் தேதிக்குப் பின்புறம் பென்சிலால் குறித்துக்கொள்வாள். அதோடு விடாமல் பூட்சில் உப்புக்கோடு எத்தனை விரல் உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்வாள். சொல்வதையும் பூட்சையும் ஒப்பிட்டதில், ஆர்மண்ட் இரண்டு நாள்தான் மிகைப்படுத்தியிருந்தான்.

வேலைக்காகத் தொடங்கியது, நாள் போகப்போக அவளுக்கே ருசித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் நடப்பதெல்லாம் வீடு தேடி வந்தது. கப்பல்காரர்கள் சங்கைக் காதில் வைத்துக் கேட்பார்களாம், அதன் சதையைக் கொடுத்தால் முகம் சுளிப்பார்களாம். ஒருத்தர் கடலில் நின்றுகொண்டே போனில் யாரோடோ சண்டை போட்டு, போனையும் கடலில் போட்டாராம். டெல்சினா அடுப்பை மறந்து கேட்டாள். இரண்டு நாள் துவரைச் சோறு அடிப்பிடித்தது.

அறுபத்தாறு நாள் குறிப்புப் போயிற்று. சர்வேயர் பெண் சரக்குப் படகில் வந்து இறங்கி, கருவியைக் கரையில் நட்டு ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டு, டெல்சினா வீட்டில் மீன் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் கடிதம் வந்தது. பொதுமக்களுக்கு உரிய மணல், கடலிலிருந்து எண்ணினால் இரண்டாவது வரிசை நாற்காலிகள் போடும் இடம் வரை. தண்ணீருக்குள் நட்டிருக்கும் கொடிகளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு நகல் கம்பெனிக்கும் போயிருந்தது. தலைமை அலுவலகம் பரிசீலிக்கும் என்று மேனேஜர் பாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார். கொடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

புனித வெள்ளி மாலை, டெல்சினா கடிதத்தை ஆர்மண்ட் முன்னால் வைத்தாள். கூடவே காலண்டரையும் திருப்பி வைத்தாள். அவன் இரண்டையும் படித்தான். பிறகு தன் பூட்சைப் பார்த்தான்.

"படுபாவி," என்றான்.

"நாளைக்குப் படகுல வர்றோம். தண்ணி எறங்குற வத்தத்துல."

"நாளைக்கு எனக்கு டியூட்டி."

"தெரியும். அதான் நாளைக்கு வர்றோம்."

"கொடியைத் தாண்டினா நான் தடுக்கணும், டெல்."

"தடு."

அவன் மேசைமேல் இருந்த ரொட்டியைப் பிய்த்தான், தின்னவில்லை. கிண்டல் வரும் என்று டெல்சினா காத்திருந்தாள், வரவில்லை.

"செட்ரிக் முங்கி ஒம்பதாம் நாள் செத்தான்," என்றான்.

செட்ரிக் அவனுடைய அண்ணன். "அவன் நெஞ்சுவலியில போனான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"முங்குறதுக்கு முன்னாடி அவனுக்கு நெஞ்சு வலிச்சதில்ல. எங்கப்பனும் அப்படித்தான். முங்கினாரு, அந்த வருஷமே போனாரு. எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாத்தையும் சரி பண்ணிட்டா அப்புறம் இருக்க மாட்டாங்க. அதான் நான் சரி பண்ணாம வச்சிருக்கேன்."

ஒரு தீவின் ரகசியமெல்லாம் டெல்சினாவின் காது வழியாகப் போயிருக்கிறது. இது ஒன்று மட்டும் எந்தக் கம்பியிலும் ஏறாமல் பக்கத்துத் தலையணையிலேயே கிடந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் சோம்பேறி என்றும் பிடிவாதக்காரன் என்றும் திட்டியவள், ஒரு தடவைகூடப் பயமா என்று கேட்டதில்லை.

"நீ ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துட்டா," என்றாள், "நான் யாரு முதுகுல கை வைக்கிறது?"

அவன் எழுந்து போய்ப் பூட்சுக்கு மெருகு போட்டான்.

சனிக்கிழமை நாலு படகு புறப்பட்டது. வெள்ளை உடுத்த இருபத்தொன்பது பேர், அவர்களில் முழுக்கு வாங்குபவர்கள் இரண்டு பேர். பக்கவாட்டில் இரண்டு முறை பிரித்துத் தைத்த அங்கி டெல்சினாவின் பைக்குள் இருந்தது. ஞானஸ்நானம் வற்றத் தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சபையில் பிசகாத வழக்கம். இறங்குகிற தண்ணீர் கழுவின பாவத்தை வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஏறுகிற தண்ணீரில் கொடுத்தால் அத்தனையும் திரும்பக் கரைக்கே வரும். அன்றைக்கு இரண்டு மணிக்குத் தண்ணீர் திரும்பும். பாடிக்கொண்டே மேற்கு மூலையைச் சுற்றி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் அடுக்கினாலும் வராத உயரத்தில் கப்பல் நின்றது. கரையெங்கும் நாற்காலி, குடை, எண்ணெய் பூசிய உடம்புகள். தண்ணீர் வற்றிப்போய், நீலக் கொடிகள் இப்போது ஈர மணலில் நின்றன. படகுகளை இழுத்துவிட்டு எல்லாரும் அவற்றைத் தாண்டிக் கரை ஏறினார்கள். நாற்காலிகளிலிருந்து ஜனங்கள் எழுந்தார்கள். சிலர் கை தட்டினார்கள்.

"இது நம்ம டிக்கெட்லயே சேர்ந்ததா?" என்று ஒரு அம்மாள் கேட்பது டெல்சினா காதில் விழுந்தது.

யூனிபார்மும் தொப்பியுமாக ஆர்மண்ட் வந்தான். மெருகு போட்ட பூட்சு மினுங்கியது. டெல்சினாவின் முன்னால் வந்து நின்றான்.

"பேரு?"

"டெல்சினா பிண்டர்." கடிதத்தை நீட்டினாள். "வந்த காரியம் ஒனக்கே தெரியும்."

முந்தின நாள் படித்த கடிதத்தை அவன் எழுத்தெழுத்தாக மறுபடி படித்தான். தோளில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. மேனேஜர் குரல்.

"கொடிக்கிட்ட என்ன கூட்டம்?"

"ஊர்க்காரங்க சார். கோட்டுக்குக் கீழதான் நிக்கிறாங்க."

"எந்தக் கோடு?"

"கடலோட கோடு சார்."

"வெளயாடுறியா? படகைத் திருப்பி அனுப்பு. நான் வர்றேன்."

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டீக்கன், இறங்குங்க."

டீக்கன் எபெனேசர்தான் எப்போதும் முதலில் இறங்குவார். கையில் கோலோடு தண்ணீருக்குள் நடந்து, மணலைக் குத்திக் குத்தி ஆழம் பார்த்து, பாஸ்டர் நிற்க வேண்டிய இடத்தில் கோலை ஊன்றுவார். அது ஊன்றாமல் ஒருவரும் கால் நனைப்பதில்லை. டீக்கன் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"கோலு நீ எடுத்துட்டு வரல?"

"நீங்கதான எடுத்தீங்க?"

"நான் பாட்டுப் புஸ்தகத்தை எடுத்தேன்."

கோல் சபைக் கதவுக்குப் பின்னால் பத்திரமாகச் சாய்ந்து நின்றது. போய்வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் தண்ணீர் திரும்பிவிடும். பக்கத்துக் குடையின் கம்பியைப் பிடுங்கலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்தவன் குடை, அடுத்தவன் மணல். திருடின கம்பியை ஊன்றி நான் ஜெபம் பண்ண மாட்டேன்," என்றார் பாஸ்டர்.

டெல்சினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஃபிலிசிட்டி ஆல்பரி, அறுபத்தாறு நாள், காலண்டர், எல்லாம் ஒரு கோலுக்காகப் போகப்போகிறது. இஸ்மே நோட்டைத் திறந்து டீக்கன் தங்கச்சியின் பெயரை எழுதுவதுவரை அவள் மனசு ஓடிவிட்டது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் ஆர்மண்டைப் பார்த்தாள்.

ஆர்மண்ட் கொடி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்துபோய், நாலாவது கொடியை இரண்டு கையாலும் பற்றி, சங்கிலிருந்து சதையைப் பிரிப்பவனைப் போல ஒரு திருகு திருகிப் பிடுங்கினான். நீளமான மரக்கம்பு. நீலத்துணியைச் சுருட்டிக் கட்டினான்.

"இது நிக்கக் கூடாத எடத்துல நிக்கிதுன்னு லெட்டர்லயே போட்டிருக்கு, பாஸ்டர். இது யாரு சொத்தையும் திருடினதாகாது. எடம் நான் காட்டுறேன். எங்கம்மா முங்கின எடம் எனக்குத் தெரியும்."

பாஸ்டர் தயங்கினார். "பிரதர், முழுக்கு வாங்காதவங்க கோலைப் பிடிக்கிறதில்ல."

"அப்போ அதையும் சேத்து முடிச்சிருங்க."

டெல்சினா பையைத் திறந்தாள். அவசரத்தில் அங்கி சிக்கிக்கொண்டது. யூனிபார்முக்கு மேலேயே அவன் அதை மாட்டினான். இன்னொரு முறை பிரித்துத் தைத்திருக்க வேண்டும். தொப்பியையும் வாக்கிடாக்கியையும் அவள் கையில் கொடுத்தான். பூட்சைக் கழற்றிக் கொடியிருந்த குழிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தான். பக்கத்தில் வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"ஒம்பது நாள், டெல்."

"பத்தாம் நாள் காலையில மீனும் கூழும் வைப்பேன். வந்து சாப்பிடு."

அவன் கோலோடு இறங்கினான். குத்திக் குத்திப் போய், இடுப்பளவு ஆழத்தில் ஓரிடத்தில் நின்று ஊன்றினான். பாஸ்டர் அவனருகில் போய் நின்றார். கரையில் பாட்டு எழுந்தது. நாற்காலிக்காரர்களில் ஒரு கிழவர் என்ன ஏது என்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினார், கைதட்டல் நின்றுபோனது. தூரத்தில் மேனேஜரின் வண்டி மணலில் சிக்கிச் சிக்கி வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் ஒரு கையை அவன் முதுகில் வைத்தார். எப்போதும் டெல்சினாவின் கை கிடக்கும் அதே இடத்தில்.

அவள் கையிலிருந்த வாக்கிடாக்கி அலறியது. "நாலாவது கொடி எங்க? ஆர்மண்ட்! கொடி கடலுக்குள்ள நிக்கிது! ஆர்மண்ட்!"

டெல்சினா அதை வாயருகே கொண்டுபோனாள். தானாகவே அந்தப் பழைய குரல் வந்தது, இழுத்து, இனிமையாக, எதற்கும் அசையாமல்.

"வணக்கம். நீங்க கூப்பிடுற ஆளு இப்பத் தண்ணிக்குள்ள இருக்காரு. லைன்லயே இருங்க."

அவன் எழுந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையில் எங்கே அவள் என்று தேடினான்.

திங்கட்கிழமை அவனுடைய அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம், யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமல், கொடிகள் இரண்டாவது வரிசைக்கு ஏறியிருந்தன. எட்டுத்தான் இருந்தன. இப்போது ஊர்ப் படகுகள் சனிக்கிழமைதோறும் அங்கே போகின்றன. நாற்காலிக்காரர்கள் முறைக்கிறார்கள், சிலர் சங்குச் சதை கேட்டு வாங்கித் தின்கிறார்கள்.

டெல்சினா அந்த ஒன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை. கையை அவன் முதுகிலேயே வைத்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடந்தாள். பத்தாம் நாள் காலையில் அவன் கூழில் உப்பில்லை என்று சத்தம் போட்டான். அவள் திரும்பி நின்று ஏப்ரனின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பை எடுத்து வைத்தாள்.

பதினோரு மணிக்கு இஸ்மே நோட்டோடு வந்தாள். காலி இடத்துக்கு நேராக ஆர்மண்ட் பிண்டர் என்று எழுதப் பேனாவைத் திறந்தாள். டெல்சினா அந்தக் கையைப் பிடித்து, காலண்டர் பக்கத்தில் தொங்கிய பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல எழுது, இஸ்மே. லேசா எழுது. அவசரம் ஒண்ணும் இல்ல."